மேசை நகர்ந்த ஞாயிற்றுக்கிழமை

‘வாங்கோ இருங்கோ – வெள்ளோட்டம். ஞாயிறு, பின்னேரம். விருந்தினர்: தலைவர், குடையர். ஒரே எடுப்பு.’

ஒரு வீடியோ கசற்றின் முதுகில் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு இது. நாள், மாதம், ஆண்டு எழுதாமல் எந்தக் கசற்றையும் அலுமாரியில் ஏற்றியதில்லை என்று இதே பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். எழுதி அச்சேறிய பிறகுதான் இது கையில் அகப்பட்டது. கிழமை இருக்கிறது, திகதி இல்லை.

ஆண்டை வேறு வழியில் பிடிக்கலாம். கசற்றை ஓடவிட்டால் தொடக்கத்திலேயே நிகழ்ச்சியை நடத்தும் வாசுகியக்கா தெருக் கம்பங்களில் தொங்கும் ‘ஓம்’, ‘இல்லை’ பதாகைகளைப் பற்றிப் பேசுகிறார். கியூபெக் கனடாவோடு இருப்பதா, பிரிவதா என்று வாக்கெடுப்பு நடந்த இலையுதிர்காலம் அது. பார்வையாளர் எவர் மடியிலும் தடித்த குளிர்கோட்டு இல்லை. ஆகவே பனிக்கு முன். இந்த நிகழ்ச்சியைப் போகிற போக்கில் நான் ஒரு வரி குறிப்பிட்டபோது, அது வசந்தகாலம் அல்லவா என்று ஸ்காபரோ வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அல்ல.

கசற்றின் பாதியில் ஒரு காட்சி வருகிறது. ஒளிவெள்ளத்தில், அக்குளில் மடித்த கறுப்புக் குடையோடு, சென்னையிலிருந்து வந்த சினிமா நகைச்சுவை நடிகர் ஒருவர் நிற்கிறார். கைதட்டல் அடங்கிவிட்டது. அவர் இன்னும் நிற்கிறார். அவருக்கென்று வைத்த இடத்தில் எங்கள் சங்கத் தலைவர் அருளம்பலம் மாஸ்ரர் அமர்ந்திருக்கிறார். எழும்பும் உத்தேசம் அவரிடம் தெரியவில்லை.

அந்த இடத்துக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பகலில் பார்த்த இரவு நிகழ்ச்சி

அப்போது நாங்கள் மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். கீழ்த்தளத்தில் நான். மேலே என் ஒன்றுவிட்ட அக்கா வாசுகியும் அவர் கணவர் யோகண்ணையும். யோகண்ணைக்கு புவாண்ட்-கிளேரில், குளிர்சாதனப் பெட்டிகளையும் அடுப்புகளையும் அடுக்கி வைக்கும் களஞ்சியத்தில் வேலை. எனக்கு ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலை. இருவருக்கும் இரவு முறை. அக்கா பக்கத்து வீதியில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், காலை முறை.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் அமெரிக்க அலைவரிசை ஒன்றில், ஊர் அடங்கிய பிறகு ஒரு பேச்சு நிகழ்ச்சி போகும். நீண்ட காலம் ஓடிப் பெயர் பெற்றது. திரையை விலக்கிக்கொண்டு தொகுப்பாளர் வருவார். நின்றபடி அன்றைய செய்திகளைப் பகிடி பண்ணுவார். பிறகு ஒரு மேசைக்குப் பின்னால் போய் இருப்பார். பக்கத்துச் சோபாவுக்கு நடிகை, பாடகர், விளையாட்டு வீரர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். ஒருமுறை மிருகக்காட்சிச்சாலைக்காரர் கொண்டுவந்த சிறுத்தைக் குட்டி மேசையில் ஏறி, தொகுப்பாளரின் கோப்பையில் வாய் வைத்தது. அவர் கோப்பையைக் குட்டியின் பக்கமே தள்ளிவிட்டு, அடுத்த கேள்வியையும் அதனிடமே கேட்டார்.

அது ஒளிபரப்பாகும் நேரத்தில் நாங்கள் வேலையில் நிற்போம். ஆகவே தானாகப் பதியும்படி வீடியோவில் நேரம் வைத்துவிட்டுப் போவோம். அடுத்த நாள் பின்மதியம், தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்க, சன்னலில் வெயில் அடிக்க, முதல் நாள் இரவு நிகழ்ச்சியைப் பார்ப்போம். அந்தத் தொடக்க இசை இன்றைக்கு எங்காவது கேட்டாலும் எனக்கு வெந்தயம் தாளித்த வாசனை வருகிறது.

யார் விருந்தினர், எந்த நாள் என்று சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. அக்காவுக்கு அந்த விபரம் தேவையில்லை. சிரிப்பு எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

“சனம் சிரிக்குது, எனக்கு விளங்கேல்லை. திருப்பிப் போடு தம்பி.”

“அக்கா, அது அவங்கட ஜனாதிபதியைப் பற்றி…”

“விளக்கம் சொல்லாதை. விளக்கம் சொன்னாச் சிரிப்பு வராது. திருப்பிப் போடு.”

திருப்பித் திருப்பிப் போட்டதில் அந்தந்த இடங்களில் கசற்றில் மழைக்கோடு விழுந்துவிடும். அவருடைய ஆங்கிலம் அந்த மழைக்குள் நின்று படித்ததுதான்.

ஒரு நாள் அவர் வேறொன்றைக் கண்டார்.

“நிப்பாட்டு, நிப்பாட்டு. உதைப் பார்த்தியா? அந்த நடிகை எவ்வளவு பெரிய ஆள். அடுத்த ஆள் வந்த உடனை எழும்பித் தள்ளி இருக்கிறா. முகம் சுளிக்கேல்லை.”

முதல் விருந்தினர் தொகுப்பாளருக்குப் பக்கத்தில் இருப்பார். இரண்டாமவர் வந்ததும் முதலாமவர் சோபாவில் ஒரு இடம் அங்கால் நகர்ந்து, பக்கத்து இடத்தை விட்டுக்கொடுப்பார். எத்தனையோ நாள் பார்த்தும் நான் கவனிக்காத விஷயம்.

“அது அவங்கட முறை,” என்றார் யோகண்ணை, அப்பளத்தை நொறுக்கியபடி.

“எங்கட கூட்டத்திலை ஆரையாவது ஒருக்காத் தள்ளி இருக்கச் சொல்லிப் பாருங்கோ.”

“சொன்னால் அடுத்த கிழமை புதுச் சங்கம் தொடங்குவாங்கள்.”

அக்கா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி, “தமிழிலை இப்பிடி ஒண்டு நான் செய்வன்,” என்றார். கடைக்குப் போய்ப் பால் வாங்கிவருகிறேன் என்பது போன்ற சாதாரணக் குரல்.

முன்வரிசை

யோகண்ணை சொன்னது முழுப் பகிடியல்ல. அந்த நாட்களில் எங்கள் விழாக்கள் பாடசாலை மண்டபங்களில் நடக்கும். முன்வரிசைக்கு மட்டும் யாராவது வீட்டுச் செற்றியை வான் வண்டியில் ஏற்றி வருவார்கள். சோபாவுக்கு எங்கள் பக்கத்தில் செற்றி என்றுதான் பெயர். அதில் யார் நடுவில், யார் ஓரத்தில் என்பதை விழாக்குழு கூட்டம் கூடி முடிவு செய்யும்.

ஒருமுறை குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்பதில் இழுபறி. அது முடிவதற்குள் நடனமாட வந்த சிறுமிகள் சலங்கையோடு தாய்மார் மடியில் நித்திரையாகிவிட்டார்கள். கடைசியில் ஒரு பிள்ளையை எழுப்ப முடியாமல், மீதிப் பேரை வைத்து ஆட்டத்தை முடித்தார்கள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் கற்பித்த தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் எங்கள் விழாக்களுக்கு வந்தால் நேரே பின்வரிசைக்குப் போய்விடுவார். “முன்னாடி உட்கார்ந்தா சால்வை போடுவாங்க. பின்னாடி உட்கார்ந்தா வடை சீக்கிரம் வரும்” என்று என்னிடம் சொன்னார்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் அக்கா தள்ளி இருத்தலைக் கொண்டுவரப் பார்த்தார்.

ஜினெட் கேட்ட கேள்வி

எங்கள் பகுதிக் கேபிளில் அயலவர்களுக்கென்று ஒரு சமூக அலைவரிசை இருந்தது. கிரேக்கர், இத்தாலியர், ஹெய்ட்டியர் ஆகியோருக்கு அதில் நேரம் கிடைத்திருந்தது. ஒரு நாள் வேலை முடிந்ததும், சட்டைக் கையில் பிள்ளைகள் பூசிய பச்சை நிறம் காயாமலே, அக்கா மெட்ரோ ஏறி அந்த அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பானவர் ஜினெட் என்ற கியூபெக் பெண்மணி. மூக்கின் நுனியில் பெரிய கண்ணாடி. அக்கா கார்டெரியில் பழகிய பிரெஞ்சில் பேசினார். அதில் பாதி வாக்கியம் ‘எல்லாரும் கை கழுவுங்கள்’ என்ற தொனியில் இருந்தது.

“பாட்டா? நடனமா? சமையலா?” என்று ஜினெட் கேட்டார்.

“இல்லை. கதை. பகிடி.”

ஜினெட் பேனாவை வைத்துவிட்டார். இந்த வகையில் யாரும் கேட்டு வந்ததில்லையாம். ஒரு ஞாயிறு பிற்பகல் கலையகத்தைத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு வெள்ளோட்டப் பதிவு; அரை மணி நேர நிகழ்ச்சி; நிறுத்தித் திரும்ப எடுக்க நேரமில்லை. தனக்குப் பிடித்தால் மாதம் ஒருமுறை இடம். பிடிக்காவிட்டால் காத்திருக்கும் வேறு குழுவுக்கு அந்த இடம் போய்விடும்.

இன்னொன்றும் சொன்னார். தனி ஆளுக்கு நேரம் கொடுப்பதில்லை. பதிவு செய்த அமைப்புக்குத்தான். அதாவது சங்கத்துக்கு. அதாவது அருளம்பலம் மாஸ்ரருக்கு.

வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவில்

மாஸ்ரர் ஊரில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்று, மகன் கூப்பிட்டு மொன்றியலுக்கு வந்தவர். வீட்டுக்குள்ளும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். நல்ல மனிதர். புதிதாக வந்தவர்களுக்கு வதிவிடப் படிவம் நிரப்பிக் கொடுத்தே கண் மங்கியவர். ஆனால் சிரிப்பு அவர் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

“கதிரையிலை இருந்துகொண்டு பெரியாக்களைப் பகிடி பண்ணப்போறது ஆர்? நீரோ?”

“ஓம் மாஸ்ரர்.”

“பொம்பிளைப் பிள்ளை ஒரு வரவேற்புரை செய்யலாம். நன்றியுரை செய்யலாம். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை.”

“ரெண்டுக்கும் நடுவிலை வாறதைத்தான் மாஸ்ரர் நான் செய்யப்போறன்.”

குசினிக்குள் அடுப்படியில் அவர் மனைவி சிரித்தது கேட்டது. மாஸ்ரருக்கும் கேட்டிருக்க வேண்டும், தொண்டையைச் செருமினார்.

கடைசியில் கையெழுத்து வைத்தார். இரண்டு நிபந்தனைகளோடு. முதல் விருந்தினர் சங்கத் தலைவராக இருக்க வேண்டும். அலைவரிசைக்குப் பிடித்துப்போனாலும், தனக்குச் சரியாகப் படாவிட்டால் சங்கம் அந்தத் தொகுப்பாளர் கதிரையில் வேறு ஆளை இருத்தும்.

ஆக, ஜினெட் ஓம் சொன்னால் நிகழ்ச்சி. மாஸ்ரர் ஓம் சொன்னால் கதிரை. அக்காவுக்கு இரண்டும் வேண்டும்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் கேட்டேன்: “மாஸ்ரர் இருந்தால் சனம் சிரிக்குமோ அக்கா?”

“அது அவரின்ரை பிரச்சினை இல்லை. என்ரை.”

குடையர்

தலைவர் மட்டும் வந்தால் அது பொதுக்கூட்டம். இன்னொரு விருந்தினர் வேண்டும், அதுவும் பெயருள்ளவர். அந்த நேரம் பார்த்து, ரொறன்ரோ மேடை நிகழ்ச்சிக்கு வந்த ‘குடை’ கோவிந்தன், வழியில் புவாண்ட்-கிளேரில் ஒரு தமிழ்நாட்டு மருத்துவர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தார். எந்தப் படமானாலும் கையில் குடையோடு வருகிறவர் அவர். மழை பெய்தால் மட்டும் விரிக்க மாட்டார். எங்களுக்குள் அவர் பெயர் குடையர்.

யோகண்ணை வேலைக்குப் போகிற வழியில் எங்களை அந்த வீட்டில் இறக்கிவிட்டார். மருத்துவர் எங்களைக் கூடத்தில் இருத்தினார். நடிகர் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, வெப்பமூட்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். திரையில் பார்த்ததைவிடச் சிறிய மனிதர். சிரிக்கவே இல்லை.

“டிவியா? என்ன பண்ணணும்? சால்வை போடுவீங்களா?”

“இல்லை.”

“மாலை?”

“இல்லை. நீங்கள் செற்றியிலை இருப்பீங்கள். நான் கதைப்பன். உங்களைப் பகிடி பண்ணுவன். நீங்கள் கோவிக்கக் கூடாது.”

அவர் மருத்துவரைப் பார்த்தார். “என்னை வெச்சு இவங்க காமெடி பண்ணுவாங்களாம் டாக்டர்.” பிறகு அக்காவைப் பார்த்தார். “எங்க, இப்ப ஒண்ணு பண்ணுங்க பார்ப்போம்.”

அக்கா யோசிக்கவில்லை. “உங்கட படம் எல்லாம் பார்த்திருக்கிறன். உங்கட குடை ஒரு படத்திலையும் நனையேல்லை. தயாரிப்பாளர்தான் ஒவ்வொரு முறையும் நனைஞ்சவர்.”

மருத்துவர் தேநீரைச் சிந்திவிட்டார். குடையர் வெப்பமூட்டியிலிருந்து முதுகை எடுத்தார். பிறகு, “ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?” என்றார்.

வாசல் வரைக்கும் வந்து, “சால்வை கிடையாதுன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தையைக் காப்பாத்துங்கம்மா. சூட்கேஸ் மூட மாட்டேங்குது,” என்றும் சொன்னார்.

அட்டை மேசை

அலைவரிசைக்காரரிடம் சோபா இருந்தது. மேசை இல்லை. இருந்தது ஒரு வட்ட மேசை; சமையல் நிகழ்ச்சிக்கானது. “மேசை இல்லாட்டி நான் விருந்துக்கு வந்தவள் மாதிரி இருப்பன்,” என்றார் அக்கா.

யோகண்ணை களஞ்சியத்திலிருந்து குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைகளைக் கொண்டுவந்தார். மூன்று பின்மதியங்கள் வெட்டி, மடித்து, பட்டி ஒட்டினோம். மேலே மர நிறக் கடதாசி. தூரத்தில் நின்று பார்த்தால் தேக்கு. கிட்டப் போனால் ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறி மங்கலாகத் தெரியும்.

“முழங்கை ஊன்றாதை,” என்று யோகண்ணை அக்காவிடம் பலமுறை சொன்னார். “கோப்பை வைக்கலாம். தண்ணி ஊத்தாதை. நான் அடியிலை ஒட்டி விடுறன்.”

ஒத்திகையில் மாஸ்ரருக்கு அக்கா முறையை விளக்கினார். “உங்களோடை கதைச்சு முடிய மற்றவர் வருவார். அப்ப நீங்கள் கொஞ்சம் அங்காலை தள்ளி இருக்க வேணும்.”

“விளங்குது, விளங்குது,” என்றார் மாஸ்ரர், தன் உரைத் தாள்களைப் புரட்டியபடி.

ஒரே எடுப்பு

கலையகத்தில் சூடான விளக்குத் தூசி மணத்தது. பார்வையாளர் இருக்கைகளில் எங்கள் கட்டடத்து ஆட்கள், கார்டெரிப் பெற்றோர், சங்க உறுப்பினர்கள். மாஸ்ரரின் மனைவி முன்வரிசையில், காஞ்சிபுரம் சேலையில். ஜினெட் கண்ணாடிக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறையில்.

அக்கா திரையை விலக்கி வந்தார்.

“வாங்கோ, இருங்கோ. வெளியிலை ஒவ்வொரு கம்பத்திலையும் ஓம், இல்லை எண்டு எழுதித் தொங்குது. ஒண்டா இருக்கிறதோ, பிரியிறதோ எண்டு இந்தச் சனம் தலையைப் பிய்க்குது. எங்களைக் கேட்டிருக்கலாம். எங்கட சங்கம் வாக்கெடுப்பே இல்லாமல் மூண்டாப் பிரிஞ்சது.”

சனம் சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு முதலில் மாஸ்ரரைத் தேடியது. அவர் திரைக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் பின்னாலிருந்து சிரித்துவிட்டார், பிறகு எல்லோரும்.

அடுத்து மாஸ்ரர் வந்து மேசைக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அக்கா கேட்ட எதற்கும் உரைத் தாளிலிருந்தே பதில். ஒரு கேள்விக்கு மட்டும் தாளில் பதில் இருக்கவில்லை.

“மாஸ்ரர், வந்த முதல் குளிருக்கை படியிலை விழுந்தனீங்களாம்?”

“நான் விழேல்லை. வழக்கத்தை விடக் கெதியா இறங்கினனான்.”

சிரிப்பு வெடித்தது. மாஸ்ரர் தாளைப் பார்த்தார். அந்த வசனம் அதில் இல்லை என்பது அவருக்கே அதிசயமாக இருந்தது போலும்.

“இனி எங்கட அடுத்த விருந்தாளி,” என்றார் அக்கா. குடையர் வந்தார். கைதட்டல். அக்கா எழும்பிக் கும்பிட்டு, மாஸ்ரர் பக்கம் திரும்பி, மெல்லச் சொன்னார்:

“மாஸ்ரர், கொஞ்சம் அங்காலை…”

“ஏன் பிள்ளை? நான் இதிலை வடிவா இருக்கிறன்.”

ஒலிவாங்கி அதை முழு மண்டபத்துக்கும் சொன்னது. அவர் கை சோபாவின் கைப்பிடியில் இருந்தது. முன்வரிசையில் அவர் மனைவி முந்தானையால் வாயை மூடினார். சங்க உறுப்பினர் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சினிமாக்காரனுக்கு இடம் விட்டு ஓரத்துக்குப் போகும் தலைவரை அவர்களும் பார்க்க விரும்பவில்லை.

குடையர் தொழில்காரர். நிலைமையை எடைபோட்டார். குடையை நெஞ்சோடு அணைத்து, தோளைச் சுருக்கி, வகுப்புக்குப் பிந்தி வந்த பையனாகிவிட்டார்.

“சார், உள்ளே வரலாமா சார்?”

மாஸ்ரரின் வாயில் வேறு பதில் வர வழியில்லை. “ஏன் பிந்தினனீ?”

“மழை சார்.”

“குடை இருக்குத்தானே?”

“நனைஞ்சிடும் சார்.”

மண்டபம் சிரிப்பில் இரண்டுபட்டது. மாஸ்ரரும் விடவில்லை, வீட்டுப்பாடம் கேட்டார், அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன், அக்காவைப் பார்க்கும் வரை.

அவர் மேசைக்குப் பின்னால் நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கமராவும் அந்த இருவரையே பிடித்திருந்தது. இப்படியே முடிந்தால் ஜினெட் ஓம் சொல்லுவார், நிகழ்ச்சி பிழைத்துவிடும். கதிரை மட்டும் மாஸ்ரருக்கே போய்விடும். சிரிக்க வைக்க அவரால் முடியும் என்பதை முழுச் சங்கமும் கண்ணால் கண்டுவிட்டதே.

அக்கா கதிரையைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். குனிந்தார். மேசையின் இரு பக்கமும் கை கொடுத்து, அதை அப்படியே தூக்கினார்.

“நீங்கள் அசைய வேண்டாம் மாஸ்ரர். இருங்கோ. நானே வாறன்.”

தேக்கு மேசை ஒரு பெண்ணின் நெஞ்சளவுக்கு எழுந்து நடந்தது. அடியில் அம்புக்குறிகள் தெரிந்தன. ஒட்டிய கோப்பை அசையவில்லை. சனத்துக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது எழுந்த சத்தத்தில் கசற்றின் ஒலி கரகரக்கிறது.

குடையருக்கும் உடனே விளங்கிவிட்டது. எந்தப் படத்திலும் மழைக்கு விரிக்காத குடையைப் பட்டென்று விரித்து, அக்காவின் தலைக்கு மேலே பிடித்தபடி கூடவே நடந்தார். வீதிவலம் வரும் சாமிக்குப் பிடிப்பது போல. பின்வரிசையில் யாரோ “அரோகரா!” என்றார்கள். மண்டபமே திருப்பிச் சொன்னது. சோபாவுக்கு முன்னால் அந்த ஊர்வலம் போனபோது மாஸ்ரர் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். அதுவும் பதிவாகியிருக்கிறது.

சோபாவின் மறு முனையில் அக்கா மேசையை இறக்கினார். யோகண்ணை ஓடிப்போய்க் கதிரையை வைத்தார். அக்கா இருந்தார். குடையர் மேசைக்குப் பக்கத்து இடத்தில் இருந்தார். மாஸ்ரர் தன் இடத்திலேயே இருந்தார். அது இப்போது ஓரமாகிவிட்டிருந்தது.

“சொல்லுங்கோ குடையர், எப்பிடி இருக்கு எங்கட ஊர்?”

“ஊரு நல்லாருக்கும்மா. ஃபர்னிச்சர்தான் நிக்க மாட்டேங்குது.”

அதன் பிறகு நிகழ்ச்சி அக்காவின் கையை விட்டுப் போகவில்லை.

ஓம்

பதிவு முடிந்து விளக்குகள் அணைந்ததும் ஜினெட் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி, மேசை விஷயம் முன்பே எழுதி வைத்ததா என்று கேட்டார்.

“இண்டைக்கு இல்லை,” என்று அக்கா பிரெஞ்சில் சொன்னார். “இனி ஒவ்வொரு முறையும்.”

ஜினெட் கைகுலுக்கினார். “அடுத்த மாதம்,” என்றார்.

மாஸ்ரர் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அக்கா அவரிடம் போனார். நாங்கள் சற்றுத் தள்ளி, மேசையை மடிப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தோம்.

“பிள்ளை,” என்றார் மாஸ்ரர். “அடுத்த முறைக்கு உம்மட மேசையைப் பலகையிலை செய்யச் சொல்லும். சங்கத்துக்கு ஒரு மரியாதை வேணும்.”

‘உம்மட மேசை’ என்றார். யோகண்ணை என் கையைக் கிள்ளினார்.

“பலகை எண்டாத் தூக்கேலாது மாஸ்ரர்,” என்றார் அக்கா.

‘வாங்கோ இருங்கோ’ அதன் பிறகு பல குளிர்காலங்கள் கண்டது. ரொறன்ரோவுக்கு வந்த பாடகர்கள், நடிகர்கள் சிலர் எங்களுக்காக மொன்றியல் வரை வந்தார்கள். ஒருவரையும் அக்கா தள்ளி இருக்கச் சொல்லவில்லை. இரண்டாவது விருந்தாளி வந்ததும் மேசைதான் போகும். குடையில்லாத நாளில் பார்வையாளர் யாராவது கோட்டை விரித்துப் பிடிப்பார்கள். அட்டைகள் கிழியக் கிழிய யோகண்ணை புதிது செய்தார்.

சரிபார்க்காத ஒன்று

மாஸ்ரர் காலமாவதற்கு முன், ஒரு கலியாண வீட்டில், தான் அன்று வேண்டுமென்றே எழும்பவில்லை என்று சொன்னாராம். பதிவுக்கு முன் வெளியில் கோப்பி இயந்திரத்தடியில் குடையரோடு கதைத்து வைத்துத்தான் அப்படிச் செய்தாராம். நிகழ்ச்சிக்குச் சுவை சேர. எனக்குச் சொன்னவர் அதை நேரில் கேட்டவரல்ல; கேட்டவர் சொல்லக் கேட்டவர்.

தேடிப் பார்த்தேன். இருவரும் கோப்பி இயந்திரத்தடியில் நின்றதை யோகண்ணை கண்டிருக்கிறார். என்ன கதைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. குடையரும் இப்போது இல்லை. மருத்துவர் வீட்டில் அவர் இது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போன கிழமை அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

“அவையள் கதைச்சு வைச்சிருந்தால் வைச்சிருக்கட்டும் தம்பி. மேசையைத் தூக்கச் சொல்லி என்னட்டை ஒருத்தரும் கதைக்கேல்லை.”

கசற்றை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். “நான் இதிலை வடிவா இருக்கிறன்” என்ற இடத்தில், முன்பு பலமுறை திருப்பிப் போட்டதால், மழைக்கோடு விழுந்திருக்கிறது. கைப்பிடியைப் பற்றிய கை தெரிகிறது. முகம் தெரியவில்லை. மாஸ்ரர் வேண்டுமென்றுதான் எழும்பாமல் இருந்தாரா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.